பழைய காரைக் கப்பலேற்றி வெளிநாட்டில் ஓட்டுவது: காரின் வலிமையும் சுங்கத்தின் கெடுவும்

1960-களில் வெளிவந்த, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் கொண்ட எஞ்சினோடு ஒரு செடான் உங்களிடம் இருக்கிறது. அதைக் கப்பலில் வேறொரு கண்டத்துக்கு அனுப்பி, மூன்று நான்கு மாதம் பல நாடுகளில் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிறீர்கள். இந்த வயதில் கார் அத்தனை தூரம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, வழியில் பெரிதாகக் கெட்டுப்போனால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றும் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கேள்வியின் உயிர் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கார் தாங்கும். ஆனால் விட்டுவிட்டு வர முடியாது. வந்தால் காரின் விலையை விடப் பெரிய தொகை உங்கள் தலையில் விழக்கூடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த நாட்டுக்குப் போவது, எந்த மாதம் அனுப்புவது, காரில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகும்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். பல ஆண்டுகளாகப் பழைய கார்களை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வதும், அவற்றைக் கப்பலேற்றி இறக்குவதில் உரிமையாளர்களுக்குத் துணை நிற்பதும்தான் என் தொழில். வண்டியைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். சுங்க விதிகள் அப்படியல்ல. அவை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுபவை, நான் சட்டம் படித்தவனும் அல்ல. எனவே கீழே வரும் நாட்டு விதிகளை எதைக் கேட்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, புறப்படும் ஆண்டில் அந்தந்த நாட்டுச் சுங்கத்துறையிடம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தின் அடிப்படை. சுற்றுலாவுக்காக வாகனத்தோடு வருபவரிடம் ஒரு நாடு இறக்குமதி வரி வாங்குவதில்லை. கெடு முடிவதற்குள் அதே வாகனம் வெளியே போய்விடும் என்ற நிபந்தனையில் உள்ளே விடுகிறது. இதற்குத் தற்காலிக இறக்குமதி என்று பெயர். 1954-ல் நியூயார்க்கில் கையெழுத்தான தனியார் வாகனங்களுக்கான சுங்க உடன்படிக்கை இந்த ஏற்பாட்டுக்கு முக்கியமான அடித்தளம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் தன் காரோடு உள்ளே வந்தால் பொதுவாக ஆறு மாதம். அமெரிக்காவில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஓராண்டு வரை. சிலி, பெரு போன்ற தென்னமெரிக்க நாடுகளில் பொதுவாக 90 நாள். இந்த மூன்று இடங்களிலும் எல்லையிலோ துறைமுகத்திலோ கிடைக்கும் அனுமதியே போதும். ஜப்பான், எகிப்து, ஈரான், பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளுக்கு மட்டும் கார்னே என்ற ஆவணம் கேட்பார்கள்.

இந்தச் சலுகை அந்த நாட்டில் வசிக்காதவர்களுக்கு மட்டுமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே குடியிருக்கும் உறவினரிடம் ஒரு வாரம் ஓட்டக் கொடுப்பதுகூடச் சில நாடுகளில் நிபந்தனை மீறல். விற்பது எல்லா இடத்திலும் மீறல்தான்.

கார்னேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தின் கழுத்துப்பிடி அதுதான். கார் கெடுவுக்குள் வெளியேறாவிட்டால் வரிக்குப் பிணையாக நிற்கும், ஓராண்டு செல்லுபடியாகும் ஒரு புத்தகம். உங்கள் நாட்டில் இதற்கு அதிகாரம் பெற்ற மோட்டார் சங்கம் வழங்கும். காரின் மதிப்பையும் நீங்கள் போகும் நாடுகளையும் பார்த்து ஒரு பிணைத்தொகை கேட்பார்கள். வரி விகிதம் கடுமையான நாடு ஒன்று பட்டியலில் இருந்தால், பிணைத்தொகை காரின் மதிப்பையே தாண்டிவிடும். ஒரே ஒரு நாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தவுடன் தொகை பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் வரைபடத்தில் பாதை போடுவதற்கு முன்பே சங்கத்திடம் நாடுவாரியாகக் கணக்குக் கேளுங்கள்.

புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது சுங்க அதிகாரி கீழ்த்துண்டைக் கிழித்துக்கொள்வார். வெளியேறும்போது நடுத்துண்டைக் கிழிப்பார். மேல்துண்டு உங்களிடமே இருக்கும். நுழைவுக்கு ஒரு முத்திரை, வெளியேற்றத்துக்கு ஒரு முத்திரை அதில் விழ வேண்டும். இரண்டாவது முத்திரை விழாமல் போனால், அந்த நாட்டின் பதிவேட்டில் உங்கள் கார் இன்னமும் அங்கேயே நிற்கிறது. மாதங்கள் கழித்து வரி கேட்டு சங்கத்துக்குக் கடிதம் வரும், சங்கம் உங்கள் பிணைத்தொகையில் கை வைக்கும். நள்ளிரவானாலும், மழை கொட்டினாலும், பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஒலி எழுப்பினாலும் முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் எல்லைக் கதவைத் தாண்டாதீர்கள். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக இருந்தால் பணிவாக இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள். அங்கேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், நிறம், இருக்கைகள், உதிரிச் சக்கரம் வரை எழுதப்படும். பழைய கார்களுக்கு வினை இங்கேதான் தொடங்குகிறது. ஐம்பது அறுபது வருடத்தில் எஞ்சின் மாறாத கார் அபூர்வம். முந்தைய உரிமையாளர் யாரோ அதே வகையைச் சேர்ந்த வேறொரு எஞ்சினை மாட்டியிருப்பார், பதிவுச் சான்றிதழில் பழைய எண்ணே இருக்கும். உள்ளூரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லையில் டார்ச்சை வைத்துக் குனியும் அதிகாரிக்கு அந்த ஓர் எண்தான் வேலை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எஞ்சின் பிளாக்கில் எண் பொறித்த இடத்தைத் துடைப்பது. எண்ணெய்ப் பிசுக்கும் பழைய பெயின்டும் படிந்து அது இருக்கும் இடமே தெரியாது. பிசுக்குப் போனதும் சாக்பீஸைப் படுக்கையாக வைத்துத் தேய்த்தால் பள்ளமான எழுத்துகள் கறுப்பாகத் தெரியும். ஒன்று என்ற எண்ணா ஐ என்ற எழுத்தா, சுழியமா ஓ என்ற எழுத்தா என்பதைத் தயாரிப்பாளரின் எண் வரிசையோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் தகட்டுக்கும் இதே வேலை. சான்றிதழோடு ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் முதலில் உங்கள் பதிவு அலுவலகத்தில் திருத்தி வாங்குங்கள். இந்தத் திருத்தத்துக்கே சில மாதங்கள் போகலாம். எவ்வளவு முன்பு தொடங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பத்து மாதம் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

ஓட்டுநருக்கான ஆவணம் எளிது, ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஒரு வகை, 1968 வியன்னா உடன்படிக்கையின்படி இன்னொரு வகை. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கும். உங்கள் நாடு எதைத் தருகிறது என்று பார்த்துவிட்டுப் பாதையை முடிவு செய்யுங்கள். சீனா இரண்டையும் ஏற்பதில்லை. அங்கே தற்காலிக உள்ளூர் உரிமம் வாங்க வேண்டும். காரின் நம்பர் பலகை ரோமன் எழுத்திலும் வழக்கமான எண்களிலும் இல்லாவிட்டால் அப்படி ஒன்றைக் கூடுதலாக மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பழைய காருக்கே உரிய தடைகள். ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த எதையும் இறக்குமதி செய்யத் தடை விதித்திருக்கிறது. 1960-களின் காரில் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, சைலன்சர் குழாய் கேஸ்கெட் என்று பல இடங்களில் அது இருக்க வாய்ப்பு அதிகம். ‘மாற்றிவிட்டேன்’ என்று வாயால் சொன்னால் எடுபடாது. பரிசோதனைக்கூடச் சான்று கேட்பார்கள். பிரேக் லைனிங்கை எப்படியும் புதிதாகப் போடப்போகிறீர்கள் என்றால், ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற சான்றோடு வரும் பொருளையே வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கார் கப்பலேறும் முன்பே இறக்குமதி ஒப்புதல் கையில் இருக்க வேண்டும் என்பதும் அந்த நாட்டு விதி. இன்னொன்று, நாற்றப்பூச்சி வகையைச் சேர்ந்த ஒரு சிறு பூச்சி. குளிருக்கு ஒதுங்க இடம் தேடிக் காரின் கதவு இடுக்கிலும் மெத்தைக்கு அடியிலும் புகுந்துகொள்ளும். அது பயிர்களை அழிக்கும் என்பதால், அந்தப் பூச்சி உள்ள நாடுகளிலிருந்து செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கப்பலேறும் வாகனங்களுக்குப் புகையோ வெப்பமோ செலுத்திச் சுத்திகரிப்பு நடத்த வேண்டும் என்று ஆஸ்திரேலியா கேட்கிறது. நியூசிலாந்திலும் இதே போன்ற விதி உண்டு. அந்த எட்டு மாதத்தைத் தவிர்த்து அனுப்ப முடிந்தால் பணமும் மிச்சம், பழைய தோல் மெத்தைக்கும் நல்லது. மண் ஒட்டிய அடிப்பாகம் எந்த மாதத்திலும் திருப்பி அனுப்பப்படலாம். அனுப்பும் முன் அடியை நீராவியால் கழுவுவதைச் சிறு வேலையாக நினைக்காதீர்கள்.

அமெரிக்கா இந்த விஷயத்தில் பழைய கார்களுக்குச் சாதகமான நாடு. பாதுகாப்பு விதிகளிலிருந்து 25 வருடம் தாண்டிய காருக்கும், புகை விதிகளிலிருந்து 21 வருடம் தாண்டி எஞ்சின் மூல நிலையில் இருக்கும் காருக்கும் விலக்கு உண்டு. ஐரோப்பாவில் தேசிய விதிகளை விட நகர விதிகள்தான் குறுக்கே வரும். பல நகரங்களில் அதிகப் புகை விடும் வண்டிகளைத் தடுக்கும் குறைபுகை மண்டலங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் 30 வருடம் தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவானவற்றுக்கு விலக்கு. வேறு நாட்டுப் பலகையோடு வருபவர் அந்தத் தகுதியை நிரூபிக்க வேண்டியிருக்கும். 1966-ல் தொடங்கிய பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா வழங்கும் அடையாள அட்டை இதற்கு உதவும். அது சட்ட ஆவணம் அல்ல, ஆனால் காரின் வயதையும் மூல நிலையையும் ஒரு மூன்றாம் தரப்பு உறுதி செய்த காகிதம் கையில் இருப்பது பேச்சைச் சுருக்கும்.

கப்பல் ஏற்றுவதில் இரண்டு வழி. ஒன்று, ஓட்டி ஏற்றும் கப்பல். இன்னொன்று, கன்டெய்னர். ஓட்டி ஏற்றும் கப்பல் பெரும்பாலும் மலிவு. ஆனால் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். உங்கள் காரை முன்பின் பார்த்திராத பலர் துறைமுக முற்றத்திலும் கப்பல் தளத்திலும் ஓட்டுவார்கள். சோக் இழுத்துக் கிளப்ப வேண்டிய கார், ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ள கார் என்றால் அவர்களுக்குப் பழக்கமே இருக்காது. எஞ்சினில் பெட்ரோல் நிரம்பிக் கிளம்பாமல் நிற்கும் காரைக் கயிறு கட்டி இழுப்பார்கள், கட்டக் கூடாத இடத்தில் கட்டுவார்கள். காருக்குள் பொருள் வைக்கவும் பல நிறுவனங்கள் விடுவதில்லை. பழைய காருக்குக் கன்டெய்னர்தான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. இருபது அடிப் பெட்டியின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், கதவின் அகலம் சுமார் 2.3 மீட்டர். நடுத்தர செடான் தாராளமாக அடங்கும். ஆனால் ஓட்டுநர் கதவைத் திறந்து வெளியே வர இடம் இருக்காது. ஜன்னல் வழியாக இறங்க வேண்டியிருக்கலாம், அதையும் முன்பே ஒத்திகை பாருங்கள். பட்டையைச் சக்கரத்திலோ அச்சிலோதான் கட்ட வேண்டும். பம்பரிலோ உடல் தகட்டிலோ கட்டவிடாதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடித்து, தரையில் ஆணி இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெட்ரோல் கால் தொட்டிக்கும் கீழே, பாட்டரி இணைப்பு கழற்றப்பட்டு, ஜன்னல் ஒரு விரல் அளவு இறக்கப்பட்டு இருக்கட்டும். வெப்ப மண்டலத்திலிருந்து குளிர்ந்த கடலுக்குப் போகும் பெட்டிக்குள் ஈரம் கூரையில் படிந்து சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறையால் காரை மூடாதீர்கள். அது ஈரத்தை உள்ளே சிறைவைத்துவிடும்.

கப்பல் சேரும் தேதியை மட்டும் யார் சொன்னாலும் நம்பிப் பயணம் தொடங்கும் நாளைக் குறிக்காதீர்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபோது கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக வேண்டியதாகி, பயணம் வாரக் கணக்கில் நீண்டது. திரும்பும் வழியில் இப்படி நடந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை, ஏனென்றால் கார் துறைமுகத்தில் ஏற்றுமதியாகப் பதிவான நாளையே சுங்கம் பார்க்கும். துறைமுகத்துக்குள் போய்ச் சேர்வதற்குத்தான் கெடு.

காப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலையில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலான நாடுகளில் கட்டாயம். ஐரோப்பாவிலும் சுற்றியுள்ள பல நாடுகளிலும், ஒரு நாட்டில் எடுத்த காப்பீட்டை மற்ற நாடுகளும் ஏற்கும் பச்சை அட்டை முறை உண்டு. உங்கள் நாடு அதில் இல்லாவிட்டால் எல்லையிலோ முகவர் மூலமோ எல்லைக் காப்பீடு வாங்கலாம். கடல் காப்பீடு தனி. கப்பல் மூழ்கினால் மட்டும் தரும் குறைந்த வகைக் காப்பீட்டை நம்பாதீர்கள். அனைத்துச் சேதத்துக்குமான வகையை, முன்பே ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுங்கள். 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கார் கப்பல் ஏறத்தாழ 4,000 கார்களோடு தீப்பிடித்து, அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மார்ச் 1-ம் தேதி மூழ்கியது. அது ஒரு வகை ஆபத்து. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கியபோது நடந்தது வேறு வகை: சரக்குக்குச் சேதமே இல்லாவிட்டாலும், மீட்புச் செலவில் பங்காகச் சரக்கின் சொந்தக்காரர்கள் பிணை கொடுத்த பிறகுதான் பெட்டிகள் விடுவிக்கப்பட்டன. பொதுச் சராசரி என்ற இந்தப் பழைய கடல் வழக்கத்துக்கும் உங்கள் காப்பீடு பொறுப்பேற்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி கார். நெடும்பயணங்களில் பழைய காரை நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சினின் பெரிய பாகங்கள் அல்ல. ரப்பர், மின்தொடர்பு, சூடு, இந்த மூன்றில்தான் வரும். ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் குழாய், பிரேக் ரப்பர் குழாய், மாஸ்டர் சிலிண்டர் வாஷர்கள் எல்லாவற்றையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். டயரில் நான்கு இலக்கத் தயாரிப்புக் குறி இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தரையைத் தொடும் வரிப்பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் பத்து ஆண்டை நெருங்கிய டயரோடு புறப்படாதீர்கள். பெட்ரோல் குழாய்க்கு வேறொரு காரணமும் உண்டு. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்து சதவீதம் சாதாரணம், பிரேசிலில் அதை விட மிக அதிகம். அறுபதுகளின் ரப்பர் எத்தனாலில் ஊறி மென்மையாகி, துகளாக உதிர்ந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயைப் போட்டு, பம்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் வடிகட்டி ஒன்று வையுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோலைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 2021-ல் அல்ஜீரியாவோடு உலகம் முழுவதும் முடிந்துவிட்டது, எனவே அதைத் தேடிப் பயனில்லை. வால்வு அமரும் இடம் கடினப்படுத்தப்படாத எஞ்சினில் ஈயம் இல்லாவிட்டால் அந்த இடம் தேயும் என்பது உறுதியான உண்மை. எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதில்தான் மெக்கானிக்குகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் நிதானமாக ஓடும் எஞ்சினில் பயணம் முழுவதும் ஒன்றும் ஆகாமல் போகலாம்; நெடுஞ்சாலையில் நாள் முழுக்க முழு மூச்சில் ஓட்டினால் வால்வு இடைவெளி சீக்கிரம் சுருங்கும். எஞ்சினின் தலைப்பகுதியை வேறு காரணத்துக்காகத் திறக்கிறீர்கள் என்றால் வால்வு அமரும் இடத்தில் கடின வளையம் போட்டுவிடுங்கள். இதற்காக மட்டும் நன்றாக ஓடும் எஞ்சினைத் திறக்கச் சொல்ல மாட்டேன். 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியை அளந்து எழுதி வைத்தால், தேய்வு தொடங்கியதும் எண்களே சொல்லிவிடும்.

மலைப்பாதை இருந்தால் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் எழுபது சதவீதம். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும், புகை கறுக்கும், இழுவை குறையும். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால், அழுத்த மூடி இல்லாத ரேடியேட்டர் பொங்கிவிடும். ஒரு சுற்றுச் சிறிய ஜெட்டும் நல்ல அழுத்த மூடியும் எடுத்துக்கொண்டால் இரண்டையும் சமாளிக்கலாம்.

உதிரிபாகப் பெட்டியைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், கன்டென்சர், ரோட்டார், காயில், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், விசிறி பெல்ட், தண்ணீர் பம்ப், ஹெட் கேஸ்கெட், ஒரு ஜோடி சக்கர பேரிங், பிரேக் ரப்பர்கள், கிளட்ச் கேபிள் ஆகியவற்றை எல்லோரும் எடுத்துப்போவார்கள். ஆனால் டப்பாவைப் பிரிக்காமல் எடுத்துப்போவதுதான் ஆபத்து. இன்று விற்பனைக்கு வரும் கன்டென்சர்களில் பல, சூடேறியதும் செயலிழக்கின்றன; டப்பாவில் அது தெரியாது. புதியதைக் காரில் மாட்டி சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். நன்றாக உழைத்தால் அதைக் கழற்றி, துணியில் சுற்றி, தேதி எழுதிப் பெட்டியில் வையுங்கள். நம்பகமான பழையதைத் திரும்ப மாட்டுங்கள். மின்னணு இக்னிஷனுக்கு மாறியிருந்தால் பழைய பாயிண்ட் தட்டை முழுமையாகக் கூடவே வைத்திருங்கள். மின்னணு அமைப்பு போனால் சாலையோரத்தில் பழுது பார்க்க முடியாது. பெட்டியில் உள்ளதையெல்லாம் பட்டியலிட்டுச் சுங்கத்தில் காட்டுங்கள். நடுவழியில் அஞ்சலில் வரவழைக்கும் பாகத்துக்கு வரியும் காத்திருப்பும் உண்டு, அந்த நாள்கள் உங்கள் கெடுவிலிருந்து கழியும்.

கப்பலேற்றுவதற்கு இரண்டு மாதம் முன்பே காரை முடித்துவிட்டு, பயணத்தில் ஏற்றப்போகும் முழுச் சுமையோடும் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வெயிலில் ஓட்டுங்கள். அதன் பிறகு வந்த பழுதை மட்டும் சரிசெய்யுங்கள். புறப்படும் தறுவாயில் புதிய கார்புரேட்டர், புதிய கியர்பெட்டி என்று மேம்படுத்துவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. பழைய காரின் பழைய பழக்கங்கள் உங்களுக்குத் தெரியும். புதிய பாகத்தின் குணத்தைப் பழக அந்நிய ஊர் ஏற்ற இடமல்ல. தொலைவிலும் பேராசை வேண்டாம். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. அந்த ஓய்வு நாளில் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கப் போக்குவரத்து உள்ள நாட்டில் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கை மாற்றுங்கள், அல்லது மறைப்புத்தாள் ஒட்டுங்கள். அங்கே உங்கள் ஸ்டீயரிங் சாலையோரப் பக்கம் இருக்கும் என்பதால், லாரியை முந்தும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்லைக் கேட்டுத்தான் முந்த முடியும். அவருக்கு அந்தப் பொறுப்பு தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் எஞ்சின் உடைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. கார் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை, நாட்டை விட்டுப் போனால் போதும். மீட்பு லாரியில் ஏற்றி எல்லைக்கோ துறைமுகத்துக்கோ கொண்டுபோய் முத்திரை வாங்கிவிடலாம். இதனால்தான் ஒவ்வொரு நாட்டிலும் கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்படி பாதை போடச் சொல்கிறேன், வெளியேறும் துறைமுகத்தில் ஒரு சரக்கு முகவரின் தொடர்பை நுழையும்போதே வாங்கச் சொல்கிறேன். பழுது பார்க்கக் காலம் வேண்டுமானால் கெடு முடியும் முன்பே சுங்கத்திடம் நீட்டிப்புக் கேளுங்கள். பட்டறையின் கடிதம், பாகத்துக்கான ஆர்டர் ரசீது, திறந்து கிடக்கும் எஞ்சினின் படங்கள் மூன்றையும் இணைத்தால் நியாயமாகப் பார்ப்பார்கள் என்பது என் அனுபவம். கெடு முடிந்த மறுநாள் போனால் அதே அதிகாரியால் உதவ முடியாது. பெரிய விபத்தில் கார் நொறுங்கிப்போனால் 1954 உடன்படிக்கையே மூன்று வழி வைத்திருக்கிறது: வரியைக் கட்டலாம், செலவின்றி அரசிடம் ஒப்படைக்கலாம், அல்லது அதிகாரிகள் முன்னிலையில் அழிக்கலாம். எது என்பதை அந்தச் சுங்கம்தான் தீர்மானிக்கும். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு விமானம் ஏறுவது அந்த மூன்றில் இல்லை.

பயணம் ஒரு மாதத்துக்குள் முடிவதாக இருந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. அங்கேயே ஒரு பழைய காரை வாடகைக்கு எடுப்பது மேல் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் நினைப்பது மூன்று நான்கு மாதம், அதுவும் சொந்தக் காரில். அதற்கு இந்த உழைப்பு தகும், ஆசையை விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். காரை உங்கள் நாட்டுச் சுங்கம் மீள்இறக்குமதியாக ஏற்க, போகும்போது பதிவான ஏற்றுமதிக் காகிதமும் எண்கள் தெரியும் படங்களும் வேண்டும். கார்னே வாங்கியிருந்தால், கார் நாடு திரும்பியது என்று சுங்க அதிகாரி கையெழுத்திடும் சான்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கும். கன்டெய்னரைத் திறக்கும் நாளிலேயே அதில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எல்லாத் தாள்களையும் நகலெடுத்துவிட்டு மூலத்தைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பிணைத்தொகை விடுவிக்கப்பட்டது என்ற கடிதம் வரும்வரை அந்த நகல்களையும், எல்லைகளில் எடுத்த முத்திரைப் படங்களையும் அழிக்காதீர்கள்.